குச்சி வளர்ந்த மாசி மாதம்

அம்மாவின் நோட்டுப் புத்தகம் என் கைக்கு வந்து ஒன்பது நாளாகிறது. இந்த ஒன்பது நாளில் மூன்று முறை பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அதில் இருந்த நாலு வரி என்னை அப்படி அடித்துப் போட்டுவிட்டது. அந்த வரிகளைச் சொல்வதற்கு முன்னால் அந்த மாசி மாதத்தைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் முப்பது வயதைத் தாண்டிய ஒருத்தி பழைய நோட்டைப் பார்த்து ஏன் இப்படிப் பதறுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றும்.

உங்களில் பலருக்கும் என் வயதுதான். முன்னந்தலையில் இரண்டு மூன்று நரை எட்டிப் பார்க்கும். வீட்டில் பள்ளிக்கூட வயதுப் பிள்ளை இருக்கும். என் மகளுக்கு ஆறு வயது. முதல் வகுப்பில் சேர்த்த மூன்றாம் மாதமே பேச்சைக் குறைத்துக்கொண்டாள். காலையில் பையை எடுத்தால் பாவாடையைக் கசக்கிக்கொண்டு கதவைப் பிடித்துக்கொள்வாள். ஒரு வருஷம் வீட்டிலேயே வைத்துச் சொல்லித் தருகிறேன் என்று கணவரிடம் கேட்டு வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நான் ஆசிரியப் பயிற்சி முடித்தவள்தான். ஆனாலும் பிள்ளையின் ஒரு வருஷத்தைப் பாழாக்குகிறேனோ என்று தினமும் நாலு தடவையாவது நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது அவளுக்குக் கடிகாரப் பைத்தியம். அட்டையில் ஒரு கடிகாரம் வெட்டி, துடைப்பக் குச்சியை முள்ளாக வைத்துக் கொடுத்திருக்கிறேன். பால்காரர் வந்த நேரம், பக்கத்து வீட்டுப் பூனை சுவரேறிய நேரம், சாயங்காலம் அப்பாவின் சைக்கிள் வந்த நேரம் என்று எல்லாவற்றுக்கும் முள்ளை வைத்து எனக்குக் காட்டுகிறாள்.

பிள்ளைகளை இப்படி அவர்கள் ஆசைப்பட்ட வழியில் விளையாட விட்டுப் படிக்கவைத்தவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். என் அம்மா. அவள் எப்படிச் செய்தாள் என்று தெரிந்துகொள்ளத்தான் வில்லியனூரில் தங்கை வீட்டுக்குப் போனேன். அம்மா இப்போது அங்கே இருக்கிறாள். "எதோ எழுதி வெச்சேன், பொட்டியில கெடக்கும், எடுத்துக்கினு போ" என்றாள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் சந்தோஷமாகத் திரும்பினேன். வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

எங்கள் ஊர் பாகூர் ஏரிப் பாசனத்தில் இருக்கிறது. கொடி மாறிய வருஷம் அது. ஐப்பசியில் பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கியதும் எங்கள் பள்ளிக்கூடம் மூடிக்கொண்டது. பிரெஞ்சும் தமிழும் சொல்லித்தந்த வாத்தியார் பட்டணத்துக்குப் போனார், திரும்பவில்லை. புது வாத்தியார் வருகிறார், வருகிறார் என்றார்கள். கார்த்திகை போய்ப் பொங்கலும் போனது. பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் யாரோ ஆடு கட்ட ஆரம்பித்தார்கள்.

எனக்கு எட்டு வயது, தங்கைக்கு ஆறு. அம்மா பட்டணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் படித்து செர்த்திபிகா வாங்கியவள். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பள்ளிச் சான்றிதழ் அது. எங்கள் ஊரில் வேறு எந்தப் பெண்ணிடமும் அது கிடையாது. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். ஊர்க்காரர்கள் அதை ஏதோ சாமிப் படம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் உண்டு.

முதலில் அம்மாவும் வாத்தியார் மாதிரிதான் செய்தாள். காலையில் குளிப்பாட்டி, பலகை கொடுத்து, சுவரைப் பார்க்க உட்காரவைத்து, பிரெஞ்சுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைச் சொல்லச் சொன்னாள். தங்கை அழுதாள். தங்கை அழுததைப் பார்த்து நான் அழுதேன். நாலாம் நாள் அம்மாவும் அழுதுவிட்டாள். அன்றைக்குப் பலகைகளை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு எங்கள் முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"செரி. நான் ஒண்ணும் சொல்லல. ஒங்களுக்கு இன்னா தெரியணும், சொல்லுங்க."

பெரியவர்கள் யாரும் அதுவரை எங்களிடம் அப்படிக் கேட்டதில்லை. நாங்கள் திகைத்துப் போனோம். கேள்வியில் ஏதோ சூது இருக்கிறது, பதில் சொன்னால் அடி விழும் என்றுதான் எனக்குத் தோன்றியது. தங்கைதான் மெதுவாகக் கேட்டாள்.

"நெழலு ஏம்மா கூடவே வருது?"

"தெரியலயே" என்றாள் அம்மா. "வா, பாக்கலாம்."

அப்படி ஆரம்பித்தது. அன்று முழுவதும் நிழலைப் பிடித்து விளையாடினோம். ஒருத்தி நிழலை ஒருத்தி மிதிக்க வேண்டும். காலையில் மிதிப்பது சுலபம், நிழல் தூரத்துக்கு நீண்டு கிடக்கும். உச்சியில் மிதிக்கவே முடியாது, ஆளோடு ஒட்டிக்கொண்டுவிடும். ஏன் என்று நாங்களே கேட்டோம். மறுநாள் முருங்கை மரத்தின் நிழலைப் புளியங்கொட்டை வைத்துக் கோடு கட்டினோம். ஒவ்வொரு வேளைக்கும் எத்தனை கொட்டை என்று எண்ணினோம். கூட்டலும் கழித்தலும் அந்தக் கொட்டையில்தான் எனக்கு வந்தன. இன்றைக்கும் ஏழோடு எட்டைக் கூட்டினால் மனதில் முருங்கை நிழல்தான் விழுகிறது.

மணப்பட்டிலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் மீன்காரம்மா ஒருத்தி இருந்தாள். கூடையை இறக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"செர்த்திபிகா வூட்டுப் புள்ளைங்களாடி இதுங்க? ஊர்ப் புள்ளைங்க கூட குளிச்சிட்டு நிக்குது. இதுங்க சேத்துல பொரளுது!"

"படிக்கிதுங்க" என்பாள் அம்மா.

"இன்னா படிப்பு?"

"இன்னிக்கி சேறு."

மீன்காரம்மாவுக்குச் சிரிப்பு அடங்காது. ஆனால் சுவரில் நாங்கள் கரித்துண்டால் வரைந்து வைத்திருந்த மீன்களைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கெளுத்திக்கு மீசை எங்கடி? மீசையில்லாத கெளுத்திய எவ வாங்குவா?" என்று கரியைப் பிடுங்கி அவளே வரைந்தாள். கையெழுத்துப் போடத் தெரியாத அந்தக் கை ஒரே இழுப்பில் வரைந்த மீசையைப் பார்த்து அம்மா வாயைப் பிளந்தாள். அடுத்த வாரத்திலிருந்து மீன்காரம்மா ஒரு மீன் விற்பாள், ஒரு மீன் வரைவாள்.

அப்பாவுக்கும் முதலில் பிடித்திருந்தது. நான் தங்கையை உட்காரவைத்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்லித்தருவதைப் பார்த்து "வாத்தியாரம்மா" என்று பேர் வைத்தார். வயலிலிருந்து வந்ததும், "வாத்தியாரம்மா, இன்னிக்கி எத்தினி நெழலு புடிச்சீங்க?" என்று கேட்பார். தோளில் தூக்கி வைத்துக்கொள்வார். அவர் தோள் துண்டில் வைக்கோலும் பீடியும் கலந்த வாசனை வரும். எனக்கு உலகத்திலேயே உயரமான இடம் அது.

அந்த வருஷம் அப்பாவுக்கு ஊரில் ஒரு புதுப் பொறுப்பு வந்திருந்தது. ஏரி வாய்க்கால் எங்கள் ஊர் எல்லையில் மூன்றாகப் பிரியும். அங்கே ஒரு மதகு. முன்பு அதற்கு அரசாங்கக் காவலர் ஒருவர் இருந்தார். கையில் கடிகாரம் கட்டியிருப்பார். மணி பார்த்து ஒரு பலகையை இறக்கி இன்னொன்றைத் தூக்குவார். கொடி மாறியதும் அவரும் போய்விட்டார், கடிகாரமும் போய்விட்டது. தண்ணீர் குறையும் மாசியில் முறை வைக்காமல் முடியாது. அதனால் பழைய வழக்கத்துக்குத் திரும்பினார்கள். மதகுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, அதற்குக் கிழக்கே நீளமாக ஒரு கருங்கல்லைப் படுக்கவைத்தார்கள். பொழுது விடிந்து உச்சி வரை மேல்மடைக்குத் தண்ணீர். உச்சியிலிருந்து குச்சியின் நிழல் கிழக்கே நீண்டு கல்லைத் தொடும் வரை கடைமடைக்கு. தொட்டதும் பலகை மாற்றி, பொழுது சாயும் வரை நடுமடைக்கு. எங்கள் வயல் நடுமடையில் இருந்தது.

குச்சியைப் பார்த்துக்கொள்ள நேர்மையான ஆள் வேண்டும் என்று ஊர் கூடிப் பேசி அப்பாவிடம் கொடுத்தது. அன்றைக்கு அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டார்.

நிழல் பைத்தியம் பிடித்திருந்த எங்களுக்கு நிழலாலேயே வேலை செய்யும் ஒரு குச்சி என்றால் எப்படி இருக்கும்! தை மாதக் கடைசியில் நான் போய் அதை அளந்து வந்தேன். தரையிலிருந்து நுனி வரை என் கையால் நாலு சாண். குச்சியிலிருந்து கல் வரையும் நாலு சாண். மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் எங்களுக்கென்று ஓர் ஏரி கட்டினோம். களிமண்ணில் கரை. பப்பாளிக் காம்பில் மதகுக் குழாய். மூன்று வாய்க்கால். நிஜத்தில் ஒரு சாணுக்கு இங்கே ஒரு விரல் நீளம் என்று அம்மா சொல்லிக்கொடுத்தாள். நாலு விரல் உயரத்துக்கு ஒரு குச்சி நட்டு, நாலு விரல் தள்ளிக் கல்லை வைத்தோம். கேழ்வரகு தூவி நாற்றங்கால் விட்டோம். நிழல் கல்லைத் தொட்டதும் தங்கை கத்துவாள், நான் வாய்க்காலை மாற்றுவேன். அதே நேரத்தில் தூரத்தில் எங்கள் நிஜ வயலில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்கும். எங்கள் விளையாட்டுத்தான் ஊருக்கே தண்ணீர் விடுகிறது என்று தங்கை நம்பினாள். நானும் பாதி நம்பினேன்.

கடைமடையில் கடைசி நிலம் ஒரு விதவையுடையது. தானே மண்வெட்டி பிடிப்பாள். நாங்கள் அவளைக் கடைமடை அத்தை என்று கூப்பிடுவோம். உரத்த குரல். அந்த மாசியில் அவளுடைய குரல் தினமும் வரப்பில் கேட்க ஆரம்பித்தது. அவள் நாற்றங்காலில் கடைசி இரண்டு பாத்திக்குத் தண்ணீர் எட்டவில்லை.

ஒரு சாயங்காலம் தங்கை நட்ட அவரைச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா சொன்னாள், "செடி வளருது. நீங்க ரெண்டு பேரும் வளர்றீங்க. மண்ணுல நட்டதெல்லாம் வளருமாடி?" நான் சிரித்தேன். ஆனால் அது மனதில் தங்கிவிட்டது. காலையில் எழுந்ததும் நானே கேட்டேன்.

"அம்மா, நெழல்குச்சி வளருமா?"

அம்மா தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நடுவில் நின்றது.

"தெரியலயே. நீதான் தையில அளந்தியே. மறுபடியும் போய் அள. உச்சி சாஞ்சப்புறம் போ. அப்பத்தான் எல்லாரும் இருப்பாங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரும் கேட்காத கேள்வி ஒன்றை நான் கேட்டுவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மதகடியில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நிழல் கல்லைத் தொட்டு முடிந்து, அப்பா பலகையை மாற்றிக்கொண்டிருந்தார். அத்தை இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றாள்.

"யண்ணா, எங் கடசி ரெண்டு பாத்தி வெடிச்சிக் கெடக்குது. வந்து பாரு. உச்சிக்குத் தொறக்கறீங்க, நான் மம்முட்டிய கையில எடுக்கறதுக்குள்ள அடைக்கறீங்க."

"நானா அடைக்கறேன்? நெழலு அடைக்குது" என்றார் அப்பா. "நெழலு எனக்கு மச்சானா, ஒனக்கு மாமனா? அதுக்கு எல்லாரும் ஒண்ணு தங்கச்சி."

"பொம்பள தண்ணி கட்டுனா அப்பிடித்தான்" என்றார் யாரோ. எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிங்கடா. நாத்து பத்தலன்னு எந் நாத்தங்காலுக்கு வருவீங்க இல்ல, அன்னிக்கி நான் சிரிக்கறேன்."

நான் யாரையும் கவனிக்கவில்லை. குச்சியிடம் போய் உட்கார்ந்து அளந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலுக்கு மேல் இன்னும் குச்சி இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐந்து!

"அப்பா! குச்சி வளந்துடுச்சிப்பா! அஞ்சு சாணு!"

குதித்தேன். கை தட்டினேன். எட்டு வயதில் அதற்கு முன் அத்தனை சந்தோஷப்பட்டதாக ஞாபகம் இல்லை. அப்பாவின் முகத்தில் அத்தையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறிவிட்டது.

"புள்ள கை சின்னது. அதுக்கு அஞ்சு, எனக்கு மூணு. வூட்டுக்குப் போம்மா."

"தையில நாலுதாம்ப்பா. அப்பயும் என் கைதான?"

வாய்க்கால் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதால்தான் யாரும் கை தட்டவில்லை என்று நினைத்து இன்னும் விளக்கமாகச் சொன்னேன்.

"எங்க வூட்டு ஏரியில நாலு வெரலுக்குத்தான் நட்டோம். அங்க இன்னும் நெழலு கல்ல தொடவே இல்ல. இங்க மட்டும் தொட்டுடுச்சி. குச்சி வளந்தா நெழலும் சீக்கிரம் வளருது இல்லப்பா?"

அத்தை மெதுவாக வந்து என் பக்கத்தில் குந்தினாள். குச்சியின் அடியை உற்றுப் பார்த்தாள். தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு ஈர மண் கறை இருந்தது. நகத்தால் சுரண்டி விரலை எல்லோருக்கும் காட்டினாள்.

"எலி தூக்கி உட்டிருக்கும்" என்றார் அப்பா.

"நல்ல எலிதாண்ணா" என்றாள் அத்தை. அவள் குரல் அன்றைக்குத்தான் முதல்முறை தாழ்ந்திருந்தது. "தூக்கி, நேரா நட்டு, மண்ணையும் மிதிச்சி உட்டுப் போயிருக்குது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முழுதாக இல்லை. அப்பா ஏதோ செய்திருக்கிறார், அதை நான் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன் என்கிற அளவுக்கு. அப்பா என்னைப் பார்க்கவில்லை. குச்சியைப் பிடுங்கி அத்தையின் காலடியில் போட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். வழக்கமாக அந்த வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் என்னைத் தூக்கிக்கொள்வார். அன்று தாண்டிப் போய்விட்டார். நான் தண்ணீரில் இறங்கித்தான் கடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் போனார். ஏரிக்கரையை வெட்டினார். மதகுக் குழாயை மிதித்தார். இரண்டு விரல் உயரம் முளைத்திருந்த கேழ்வரகைக் கொத்திப் புரட்டிச் சமமாக்கினார். தங்கை வீறிட்டு அழுதாள். அம்மா கொட்டிலின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கே பட்டணத்துக்கு எழுதிப் போடு" என்றார் அப்பா. "இவ கன்னியாஸ்திரிங்க போர்டிங்குல இருக்கட்டும். வூட்ல படிச்சது போதும்."

அம்மா எழுதிப் போட்டாள். அவள் கையால்தான்.

பங்குனி பிறப்பதற்குள் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். கிளம்பும் காலையில் கடைமடை அத்தை வந்தாள். சேலைத் தலைப்பில் வறுத்த வேர்க்கடலை முடிந்து கொண்டுவந்திருந்தாள். அப்பா உள்ளே இருந்ததால் வாசலுக்கு வராமல் முருங்கை மரத்தடியிலேயே நின்று என்னைக் கூப்பிட்டாள். கடலையை என் பாவாடையில் கொட்டிவிட்டு, "ரெண்டு பாத்தியும் பச்சை புடிச்சிடுச்சி கண்ணு" என்றாள். பிறகு என் முகவாயைப் பிடித்து, "நீ பொய் சொல்லலடி. அது போதும். யாரு இன்னா சொன்னாலும் அழுவாத" என்றாள். அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன்.

போர்டிங்கில் ஏழு வருஷம் இருந்தேன். நன்றாகப் படித்தேன். ஆனால் வகுப்பில் ஒருநாளும் நானாகக் கை தூக்கிப் பதில் சொன்னதில்லை. கேட்டால் மட்டும் சொல்வேன், அதுவும் சுற்றிலும் பார்த்துக்கொண்டு. விடுமுறைக்கு வந்தால் அப்பா சோறு போடச் சொல்வார், துணி எடுத்துத் தருவார், உடம்பு சரியில்லை என்றால் வைத்தியரிடம் அழைத்துப் போவார். வாத்தியாரம்மா என்று மட்டும் கூப்பிடவில்லை. நான் உண்மையிலேயே ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த அன்றுகூட, "பாஸா? செரி" என்றுதான் சொன்னார். போன வருஷம் அவர் போய்விட்டார். குச்சியைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கடைசி வரை பேசிக்கொள்ளவில்லை. ஒரு கேள்வியால் அப்பாவைத் தொலைத்தவள் நான் என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன். என் கேள்வி, என் நாக்கு, என் தப்பு.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். கோடு போட்ட பிரெஞ்சுப் பள்ளி நோட்டு. அம்மாவின் சாய்ந்த கையெழுத்து. ஒவ்வொரு நாளும் நாங்கள் என்ன கேட்டோம், என்ன செய்தோம் என்று இரண்டு வரி இருக்கிறது. நிழலுக்கு எத்தனை கொட்டை, கெளுத்திக்கு எத்தனை மீசை, தங்கை எந்த எழுத்தைத் தலைகீழாகப் போட்டாள் என்பதெல்லாம் இருக்கிறது. படிக்கப் படிக்க எனக்குக் கண் நிறைந்துகொண்டே வந்தது. மாசி மாதத்தில் ஒரு பக்கம். நான் குச்சியை அளக்கப் போனதற்கு முந்தைய நாள்.

"கொட்டில் குச்சி கல்லைத் தொடுமுன் நம் வயலில் தண்ணீர் சத்தம். மூன்று நாளாக இப்படி. குச்சியை உயர்த்தியிருக்கிறார். இனி நான் கேட்க முடியாது.

நாளை பெரியவளை அளக்க அனுப்ப வேண்டும். அவளே கேட்ட கேள்வியாக இருக்க வேண்டும்."

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நோட்டை மூடினேன், திறந்தேன். அந்த அவரைச் செடி, அந்த நடுவில் நின்ற சீப்பு, "அப்பத்தான் எல்லாரும் இருப்பாங்க" எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. என் வாழ்க்கையில் நானாகக் கேட்ட முதல் பெரிய கேள்வி என்று எதை நினைத்திருந்தேனோ அதை ஒருத்தி எழுதி, எனக்குத் தெரியாமல் என் வாயில் வைத்திருக்கிறாள்.

மறுநாளே மகளைப் பக்கத்து வீட்டம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வில்லியனூருக்குப் போனேன். அம்மா கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தைத் திறந்து முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். உரித்துக்கொண்டிருந்த விரல் நிற்கவில்லை.

"தெரிஞ்சிதான் அனுப்பினியா?" என்றேன்.

"ம்."

"நீயே சொல்லியிருக்கலாமே அப்பாகிட்ட."

"ஏன் சொல்லல? மொத நாளே கேட்டேன். 'ஒன் வேலையப் பாருடி'ன்னாரு. ஊர்ல போய்ச் சொல்ல முடியுமா? நான் சொன்னா அது புருசன்மேல பொண்டாட்டி சொல்ற கோளு. நீ சொன்னா அது அளவு. அளவ யாரு மறுக்கறது?" மொச்சைத் தோலை ஒதுக்கினாள். "அந்தப் பொம்பள நாத்து காஞ்சிக்கினு இருந்திச்சி. நம்ம வயலு தளதளன்னு நிக்கிது. அந்தத் தண்ணில வெளஞ்சத நான் ஒங்களுக்குப் பொங்கிப் போடணும். எனக்குத் தொண்டையில எறங்கலடி."

"அப்ப நான்?"

அவள் விரல் அப்போதுதான் நின்றது.

"கொழந்தைய இன்னா பண்ணிடுவாருன்னு நெனச்சேன். சிரிச்சிட்டு உட்டுடுவாரு, குச்சிய எறக்கிடுவாருன்னு நெனச்சேன். ஒம்மேல அவ்ளோ உசிரு அவருக்கு." மொச்சையை மறுபடியும் கையில் எடுத்தாள். "அதனாலதான் தாங்கல போல. அது எனக்குத் தெரியாமப் போச்சி."

"என்னை போர்டிங்குக்கு அனுப்பும்போதாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ அவரையும் இழந்திருப்ப, என்னையும் இழந்திருப்ப."

நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். கோபம் வந்தது, அதற்குள்ளேயே அந்த இரண்டு பாத்தியும் பச்சை பிடித்ததும் ஞாபகம் வந்தது. அம்மாவின் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் நாற்றைக் காய விட்டிருப்பேனா? விட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் என் மகளை அனுப்பியிருப்பேனா? ஒருநாளும் மாட்டேன். இதைத்தான் பேருந்தில் வரும் வழியெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒருநாளும் மாட்டேன். பிள்ளையின் விளையாட்டில் என் வழக்கை நுழைக்க மாட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் அட்டைக் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தாள். அதில் பென்சிலால் வட்டம் வட்டமாகக் கடிகாரங்கள் வரைந்திருந்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு முள்.

"இது திங்கக்கெழம அப்பா வந்தது. இது செவ்வா. இது புதன்ல. ஒவ்வொரு நாளும் முள்ளு கீழ கீழ போவுதும்மா. இன்னிக்கி அப்பா வந்ததும் காட்டப் போறேன்."

அவள் பக்கத்தில் குனிந்து தாளைப் பார்த்தேன்.

என் கணவருக்கு ஆலையில் ஐந்து மணிக்கு வேலை முடிகிறது. இரண்டு மாதமாக ஏழுக்கு வருகிறார், ஏழரைக்கு வருகிறார். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. வீட்டில் பிள்ளையை வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்த மனிதரிடம் கேள்வி கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பால்காரரின் நேரத்தை மகள் தானாகக் கேட்டாள். பூனையின் நேரத்தையும் தானாகக் கேட்டாள். சைக்கிளின் நேரத்தை? போன மாதம் ஒரு சாயங்காலம் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டே நான்தான் சொல்லியிருந்தேன். "பால் வர்ற நேரம் தினமும் ஒண்ணா இருக்கு. அப்பா வர்ற நேரமும் ஒண்ணாவா இருக்குது?" அதைச் சொன்னதே எனக்கு மறந்துவிட்டிருந்தது. தாளைப் பார்த்த பிறகுதான், அதை எந்தக் குரலில் சொன்னேன் என்பது வரை ஞாபகம் வந்தது.

நல்ல தாள். வட்டங்கள் சரியாக இருந்தன. அவளுக்கு மணி பார்க்க முழுதாக வந்துவிட்டது.

தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது. அவள் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அப்பா தூக்கிக்கொள்வார் என்று முகமெல்லாம் பூரிப்பு.

"அத எங்கிட்ட குடு கண்ணு" என்றேன்.

"ஏம்மா? தப்பா?"

"ஒண்ணுகூட தப்பில்ல. எல்லாம் சரியா வரைஞ்சிருக்க. இத நான் வெச்சிக்கறேன். நீ போய் அப்பாவுக்கு நேத்து வரைஞ்ச கெளுத்தி மீனக் காட்டு. மீசையோட."

தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் சைக்கிளை நிறுத்தி அவளைத் தூக்கிச் சுற்றி இறக்கினார். அவள் மீன் படம் எடுக்க உள்ளே ஓடினாள். அவள் உள்ளே போகும் வரை காத்திருந்தேன். படியிறங்கிப் போய் அவர் எதிரில் நின்றேன்.

"ரெண்டு மாசமா எங்க போயிட்டு வரீங்க?" என்று நானே கேட்டேன்.